மானா பெத்தாங்கும் வங்கிக்குப் போன புனிதரும்

என் மனைவியின் அக்கா பெர்ப்பெத்துவாவை அந்த முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர், ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ஒருவர்தான். ஊருக்கெல்லாம் அவள் மானா பெத்தாங். மானா என்றால், மணிலாவுக்குத் தென்கிழக்கே இருக்கிற எங்கள் சாமார் தீவில் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் அழைப்பார்கள். அகப்பை அவள் கையில் இருக்கும்போது தங்கச்சி என்று கூப்பிட எவனுக்குத் துணிச்சல் வரும்?

ஆள் குள்ளம். குரல் மட்டும் கடற்கரையில் வலை உலர்த்துகிறவன் காதுவரை போகும். சிரித்தால் வயிறு குலுங்கும், கோபம் வந்தால் அகப்பை பறக்கும். இரண்டுக்கும் நடுவில் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. பெரும்புயல் வந்து ஊரைச் சுருட்டிக்கொண்டு போன வருடம், தேவாலயத்தின் பின்புறம் மூன்று கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தாள். ஒரு வாரத்துக்கு என்றுதான் ஆரம்பித்தாள். எட்டு வருடமாகியும் அந்த ஒரு வாரம் முடியவில்லை. காற்று எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட தகரங்கள்தான் கூரை. பாசிப்பயறு, முருங்கைக்கீரை, கருவாடு, சோறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மத்தியானம் வந்து சாப்பிடுவார்கள். வீடு போயிற்று, தோட்டம் போயிற்று என்று மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் சாப்பிடுவார்கள்.

மலை என்றால் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். மேலே துப்பாக்கி வைத்துக்கொண்டு அரசாங்கத்தோடு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கீழே சாலையில் ராணுவச் சாவடி இருக்கிறது. நடுவில் மரவள்ளி நட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சந்தேகப்படுவது அவர்களைத்தான். யார் வந்தாலும் மானா பெத்தாங் கேட்பது ஒன்றே ஒன்று: "சாப்பிட்டியா?" பேர் கேட்க மாட்டாள், ஊர் கேட்க மாட்டாள். ஒருமுறை சாவடியிலிருந்து ஒரு சார்ஜெண்ட் வந்தார்.

"மானா, இங்க யார் யாரெல்லாம் சாப்பிட வர்றாங்க?"

"பசிச்சவங்க."

"அது தெரியுது. பேரு?"

"பசிக்குப் பேரு ஏதுப்பா. நீ சாப்பிட்டியா? மொகத்தைப் பார்த்தா சாப்பிட்ட மாதிரி இல்லையே. அந்தத் துப்பாக்கியைப் பிள்ளைங்க பக்கம் நீட்டாம மூலையில வச்சிட்டு உக்காரு."

அவர் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். மேலிடத்துக்கு என்ன சொன்னாரோ தெரியாது.

பணம் இரண்டு வழியில் வந்தது. தோஹாவிலும் சிட்னியிலும் நர்ஸ் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் மாதாமாதம் கொஞ்சம் அனுப்புவார்கள். அதைவிடப் பெரிய கை சான் ரொக்கேயுடையது.

சான் ரொக்கே எங்கள் ஊரைக் காக்கும் புனிதர். தேவாலயத்தில் மூன்றடி உயரச் சிலையாக, தொடையில் புண்ணும் தலையில் வைக்கோல் தொப்பியும் கையில் கம்புமாக நிற்கிறார். காலடியில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு அவருடைய நாய். அவருக்குச் சொந்தமாகத் தென்னைமரங்கள் உண்டு. யாருக்காவது ஏதாவது நடக்கவேண்டும் என்றால் ஒரு மரத்தை அவருக்கு நேர்ந்துவிட்டு, அடிமரத்தில் வெள்ளை வளையம் பூசிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த மரத்துக் காயை வீட்டுக்காரனே தொடமாட்டான். பறித்து, உடைத்து, கொப்பரையாக்கி விற்ற பணம் அவருடையது. எதற்காக நேர்ந்துகொண்டாய் என்று மட்டும் ஒருவரையும் கேட்கக்கூடாது. அது அவருக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள சங்கதி.

புயலுக்கு முன்னால் அந்தப் பணத்தில் திருவிழாவுக்கு வாணவேடிக்கை விட்டோம். புயலுக்குப் பிறகு மானா பெத்தாங் அவர் முன்னால் போய் நின்று, வாணவேடிக்கை வேண்டுமா, பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமா என்று கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சோறுதான் என்று சொல்லிவிட்டதாக வெளியே வந்து அறிவித்துவிட்டாள்.

ஆகவே சமையல்கூடத்தின் வங்கிக் கணக்கில் கொப்பரைப் பணத்தைப் போடும்போதெல்லாம், போடுகிறவர் பெயர் என்ற இடத்தில் 'சான் ரொக்கே' என்று எழுதினாள். வேறு யார் பெயரை எழுதுவாள்? காசாளர் பெண்ணும் எங்கள் பக்கத்தவள், முத்திரை குத்திக் கொடுத்துவிடுவாள். எட்டு வருடமாக இதில் ஒருவருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை.

அப்புறம் விதிகள் வந்தன. தர்மக் கணக்குகள் வழியாகப் பயங்கரவாதிகளுக்குப் பணம் போகிறதாம். ஆகவே சோறு போடுகிறவர், துணி கொடுக்கிறவர், மருந்து கொடுக்கிறவர் எல்லோரும் பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போயிற்று என்று சொல்லவேண்டும். கேட்கட்டும். குண்டு வைக்கிறவனுக்குக் காசு போகக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த விதியை எழுதியவர் ஒரே ஒரு மத்தியானம் எங்கள் ஊரில் தட்டோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கவேண்டும் என்பது என் கட்சி.

அரிசிக்குப் பணம் எடுக்கப் போனபோதுதான் கணக்கை நிறுத்திவைத்திருப்பது தெரிந்தது. நான் டிரைசைக்கிள், அதாவது பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள், ஓட்டுகிறவன், அவளை வங்கிக்குக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் என் வேலை. அதனால் மேலாளர் ரோடெல் சாரின் அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். முப்பது வயதுக்காரர். அந்தக் குளிர்பதன அறையிலும் அவருக்கு வியர்த்தது.

"மேடம், இந்தக் கணக்குல அதிகமா பணம் போட்டிருக்கிறது சான் ரொக்கேன்னு ஒருத்தர். அவர் யாரு?"

மானா பெத்தாங் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "சார், நீங்க ஞானஸ்நானம் வாங்கினவர்தானே?"

"எனக்குத் தெரியுது மேடம். மணிலாவுல இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியலை. அதுக்கு அவர் பொறந்த தேதி வேணும், விலாசம் வேணும், என்ன தொழில்னு வேணும்."

"நோயாளிங்களைப் பார்த்துக்கிட்டார். அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"வருமானம்?"

"நாய் கொண்டுவந்து குடுத்த ரொட்டி."

நான் சிரித்துவிட்டேன். ரோடெல் சார் சிரிக்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மலைக்குப் பக்கத்துல ஒரு கணக்கு. யாருன்னே தெரியாத ஒருத்தர் எட்டு வருஷமா ரொக்கமா பணம் போடறார். பேரு தெரியாதவங்க வந்து சாப்பிட்டுப் போறாங்க. அங்க உக்காந்து படிக்கிறவனுக்கு இது என்னவா தெரியும், நீங்களே சொல்லுங்க. நிறுத்துன்னுட்டாங்க. நான் கணக்கை நிறுத்தலைன்னா அவங்க என்னை நிறுத்திடுவாங்க."

"பிள்ளைங்க சாப்பாடு சார்."

"தெரியும் மேடம். ஒரு வழி இருக்கு. அந்த மரமெல்லாம் உங்களோடதுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க பணம்னு ஆயிடும். மத்ததை நான் சமாளிச்சுக்கறேன்."

"என்னோடது இல்லையே."

"பேருக்குத்தான்."

"பேருக்குத்தான் இவ்வளவு ரகளையும். இப்ப நீங்களே பொய்ப் பேரு எழுதச் சொல்றீங்களே சார்."

எழுந்துவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் நான் வண்டியின் சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டு வந்தேன். ஒரு கையெழுத்தில் என்ன குடிமுழுகிப் போகிறது, ஊரில் எவன் கேட்கப்போகிறான் என்றேன்.

"அவர் காயை என் காய்னு எழுதிக் குடுத்துட்டு, அவர் முன்னாடி போய் எப்படிடா மெழுகுவத்தி ஏத்துவேன்? அந்த நாய்கூட என்னை மொறைக்கும். ரோட்டைப் பார்த்து ஓட்டு டியோனிங்."

அரிசி ஒரு வாரத்துக்குத்தான் இருந்தது. கடன் கொடுத்துவந்த அரிசிக் கடைக்காரரின் காதில் பயங்கரவாதம் என்ற சொல் விழுந்துவிட்டது. மூட்டை தீர்ந்துபோயிற்று என்று, மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டே சொன்னார். தோஹாவிலிருந்து நர்ஸ் பெண் போன் செய்து, பணம் அனுப்பும் இடத்தில் தன்னையே கேள்வி கேட்கிறார்கள், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் அக்கா என்று அழுதாள். மானா பெத்தாங் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினாள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டன. ஒரு பெண் குழந்தை தட்டைச் சாய்த்துப் பார்த்து, "பயறு எங்க போச்சு?" என்று கேட்டது. மானா பெத்தாங் அகப்பையால் பானையின் அடியைச் சுரண்டினாள். அவள் சத்தம் போடாத சமையல்கூடத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ரோடெல் சார் போன் செய்தார். தான் எழுதிக் கேட்டதற்குத் தலைமை அலுவலகம் அனுப்பிய பதிலைப் பாவம், அப்படியே படித்துக் காட்டினார். பணம் போட்டவர் இரண்டு அடையாள அட்டைகளுடன் நேரில் வரவேண்டும்.

"நேர்லதானே? வரச் சொல்றேன்" என்று மானா பெத்தாங் போனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "டியோனிங், வண்டியைக் கழுவு."

சான் ரொக்கே வருடத்தில் ஒரு நாள், ஆகஸ்டில், ஊர்வலத்துக்குத்தான் வெளியே வருவார். மாதம் ஒருமுறை எட்டிப்பார்க்கும் பாதிரியாரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். வண்டியின் பக்கப்பெட்டியில் மெத்தை விரித்து, அவரையும் நாயையும் உட்காரவைத்து, பழைய துணியால் கட்டினோம். அவர் வாசலைத் தாண்டினால் ஊர் பின்னால் போகவேண்டும், தனியாக விடுவது எங்கள் வழக்கமில்லை. ஆகவே எனக்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகள், ஜீப்னி என்று நாங்கள் சொல்லும் சிற்றுந்து ஒன்று, அதன் கூரைமேல் பறை அடிக்கிறவன். சாவடியில் அந்த சார்ஜெண்ட் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே யார் இருக்கிறார் என்று பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கினார்.

வங்கி வாசலில் காவலாளி மனோ பிதியோங் வழியை மறித்தார். மனோ என்றால் அண்ணன். கடமையில் அவர் யாருக்கும் தம்பியாக மாட்டார்.

"தொப்பி போட்டுக்கிட்டு உள்ள போகக்கூடாது மானா. விதி."

"நீயே கழட்டு."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, சான் ரொக்கேயின் வைக்கோல் தொப்பியை மெல்ல எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கம்பும் வெளியில இருக்கணும்."

"நாய்?"

கொஞ்சம் யோசித்தார். "பொம்மை நாய்க்கு விதி எதுவும் சொல்லலை. போகட்டும்."

மேலாளர் மேஜைக்கு எதிர் நாற்காலியில் புனிதரை உட்காரவைத்தோம். ரோடெல் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், வந்த பதிலைப் படிச்சுத்தான் காட்டினேன். இவரைக் கூட்டிட்டு வாங்கன்னு நான் சொல்லலை."

"நேர்ல வரணும்னீங்க, வந்திருக்கார். அடையாளம் ரெண்டு கேட்டீங்க. தொடையில புண்ணு ஒண்ணு, காலடியில நாய் ஒண்ணு. இந்த ரெண்டும் சேர்ந்து உலகத்துல வேற யாருக்கு இருக்கு, காட்டுங்க."

ரோடெல் சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஆள் கொஞ்சம் மாறியிருந்தார்.

"சரி. இவர் வந்ததுல எனக்குச் சந்தோஷம். ஆனா மேலிடத்துக்கு உசுரோட இருக்கிற ஆள் வேணும். மரத்தையெல்லாம் இவருக்குக் குடுத்தது யாரு? அவங்க ஒவ்வொருத்தரா வந்து, பேரையும் எதுக்காகக் குடுத்தாங்கங்கிறதையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டா, இது ஊர்க்காரங்க காணிக்கைன்னு நான் எழுதி அனுப்பறேன்."

பேர் சரி. எதற்காக என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தோம். நேர்ச்சையை வாய்விட்டுச் சொல்வதா, அதுவும் வங்கியில், பக்கத்து வீட்டுக்காரி காது கேட்க? கடைசியில் கிழவர் மனோ இக்கோங் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எதுக்குன்னு இவருக்கு ஏற்கெனவே தெரியும். இவரும் இங்கதான் உக்காந்திருக்கார். இவர்கிட்ட இன்னொரு தரம் சொல்றேன், நடுவுல அந்த சார் கேட்டாக் கேட்டுட்டுப் போகட்டும்." புனிதரின் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஐயா, மூலம்."

எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் பெண் நிமிர்ந்தாள். "தாத்தா, எப்படி எழுதட்டும்?"

"மூலம்னு எழுது. இப்ப இல்லைன்னும் எழுது."

அதோடு கூச்சம் உடைந்துவிட்டது. பள்ளிக்கூடத்து ஆசிரியை வந்து, தேர்வில் மூன்றாவது தடவையாவது தேறவேண்டும் என்று நேர்ந்ததாகச் சொன்னாள். முதல் தடவையே தேறியதாக இதுவரை ஊரை நம்பவைத்திருந்தாள். அடுத்து வந்தவன் மீனவன் தோரிபியோ. மாமியார் தன் சொந்தத் தீவுக்குத் திரும்பிப் போய்விடவேண்டும் என்பது அவன் நேர்ச்சை. பின்னாலேயே அவன் மனைவி வந்தாள். அம்மா கடைசிவரை தன்னோடு இருக்கவேண்டும் என்று அதே வருடம் அவளும் ஒரு மரம் நேர்ந்திருந்தாள்.

"அடப்பாவி, அதான் எங்கம்மா திடீர்னு கிளம்பிப் போச்சா?" என்று அவள் கணவனின் முதுகில் அறைந்தாள்.

"மூணே மாசத்துல திரும்பி வந்துடுச்சே. உன் மரம்தான் நல்லாக் காய்க்குது" என்றான் தோரிபியோ.

வரிசை வாசல்வரை நீண்டது. பணம் எடுக்க வந்த நகரத்து ஆட்கள்கூடப் போகாமல் நின்று கேட்டார்கள். என் மரத்தைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு அவர்கள் சிரித்தது போதும்.

"இன்னும் ஒரு மரம் பாக்கி இருக்கு. மலையடிவாரத்துல இருக்கிறது" என்றார் ரோடெல் சார், மானா பெத்தாங் கொண்டுவந்திருந்த கொப்பரைக் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"அது என்னோடது" என்றாள் மானா பெத்தாங். "என் மகன் ஜெர்வின் திரும்பி வரணும்னு."

"எங்க, வெளிநாட்டுல இருக்காரா?"

சவூதி என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்தத் தீவின் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள், ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். நான் வாயைத் திறந்ததும் அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மலைக்குப் போனான் சார். அப்ப பத்தொன்பது வயசு. பதினாறு வருஷமாச்சு. இருக்கான்னும் யாரும் வந்து சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை."

பேனா நின்றது. மணிலாவில் தேடிக்கொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதை அவளே தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டாள். இனிக் கணக்கு திறக்காது, அவளையே கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

"மேடம், இதை நான் எழுதணுமா?"

"எதுக்குன்னு கேட்டீங்க. இவரை எதிர்ல வச்சுக்கிட்டு வேற என்ன சொல்றது? அவனுக்கு ஒரு பிடி அரிசி அனுப்பினதில்லை சார். அனுப்ப இடம் தெரிஞ்சாத்தானே. மேலேர்ந்து யாரு எறங்கி வந்தாலும் சோறு போடறேன். இத்தனை வருஷத்துல அவன் மொகம் எப்படி மாறியிருக்கும்னு எனக்குத் தெரியாது. பேரு கேட்டா வேற பேரைச் சொல்லிடுவாங்க. கேக்காத வரைக்கும், யாரு வேணும்னாலும் அவனா இருக்கலாம்."

பறை அடிக்கிறவன் மூக்கை உறிஞ்சியது கேட்டது. ரோடெல் சார் எழுத்தரிடமிருந்து காகிதத்தை வாங்கித் தானே எழுதினார். எழுதியதைத் திருப்பி அவளிடம் காட்டினார்.

"'மகன் வீடு திரும்ப.' அவ்வளவுதான் எழுதியிருக்கேன். எங்கேர்ந்துன்னு இதுல கேள்வி இல்லை."

அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த மாதம் முழுக்க ஊரே வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டுவந்து கொட்டியது. சார்ஜெண்ட்கூட ஒரு பை அரிசியை என் வண்டியில் போட்டு, தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்றார். மாதக் கடைசியில் கணக்கு திறந்தது. அதைச் சொல்ல ரோடெல் சாரே ஒரு சனிக்கிழமை நேரில் வந்தார். பையில் ஒரு பெரிய வெற்று நோட்டும் இருந்தது. சாப்பிட வருகிறவர்கள் பெயரை இனிமேல் எழுதிவைக்கவேண்டுமாம். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பிள்ளைகளின் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது மலைப்பாதையிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். காலெல்லாம் சேறு. வேலிக்கு வெளியிலேயே தயங்கி நின்றான். மானா பெத்தாங்கின் அகப்பை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. யார் வந்தாலும் அது அப்படி ஒரு நொடி நிற்கும் என்பதை நானே அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"சாப்பிட்டியா? வா, உள்ள வா."

ரோடெல் சார் நோட்டை மறுபடி பைக்குள் தள்ளினார். "மானா" என்றார். அதுவரை அவருக்கு அவள் மேடம்தான். "எத்தனை தட்டுன்னு மட்டும் எண்ணி எனக்குச் சொல்லுங்க. பேரு வேண்டாம். மேலிடத்துல கேட்டா நான் பேசிக்கறேன்."

"அப்ப உங்க தட்டையும் எண்ணிக்கறேன். உக்காருங்க சார்."

அவரையும் சேற்றுக்காலோடு வந்தவனையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாள். இருவருக்கும் சோறு போட்டாள், பயறு ஊற்றினாள். மேலாளருக்கு ஒரு கருவாடு வைத்தாள். மலையிலிருந்து வந்தவனுக்கு இரண்டு வைத்தாள்.